அக்கா விட்டுப்போன குஞ்சுகள்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டில் இருந்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை. சுங்கைப்பட்டாணியிலிருந்து கல்யாணமாகி அங்கே போன எனக்கு ஒரு முகமும் பழக்கமில்லை. முதல் பிரசவத்தில் என் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு நாள் மத்தியானம் கங்காணி வந்து, சயாமில் ரயில் பாதை போட யார் யார் போக வேண்டும் என்று சொன்னார். அக்கா புருஷனும் அதில் இருந்தார்; அவரை நான் அண்ணன் என்பேன். விடிவதற்குள் லாரி வருமாம். "பொம்பளைங்களும் போலாம், அங்க அரிசி குடுப்பாங்க" என்றார் கங்காணி.

அண்ணன் எவ்வளவோ தடுத்தும் அக்கா கேட்கவில்லை. "ஒங்கள அனுப்பிட்டு நான் இங்க தனியா கெழங்கு தின்னுகிட்டு கெடக்கணுமா?" என்று கிளம்பிவிட்டாள்.

வழிக்குக் கட்டிக்கொண்டு போக வீட்டில் எதுவும் இல்லை. இருந்த ஒரே கோழியை அண்ணன் அறுத்தார். அது அன்று காலையில்தான் குஞ்சு பொரித்திருந்தது.

பொழுது சாய்ந்ததும் அக்கா குஞ்சுகளைச் சாக்குத் துணியில் பொதிந்து என்னிடம் கொண்டுவந்தாள். என் கோழி அடையில் கிடந்தது. முட்டையெல்லாம் கூமுட்டை என்று எனக்குத் தெரியும், அதற்குத் தெரியவில்லை.

"வெளக்கு கொண்டாராதடி. வெளிச்சத்துல பாத்தா கொத்திரும்."

இருட்டில் அவள் கோழியின் பின்பக்கமாகக் கையை நுழைத்தாள். ஒரு முட்டையை எடுப்பாள், ஒரு குஞ்சை விடுவாள். கோழி உறுமியது, அவள் மணிக்கட்டைக் கொத்தியது. வெளியே வந்துவிட்ட ஒரு குஞ்சை மறுபடி உள்ளே தள்ளினாள். அதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டார். துணிமணி மூட்டை கட்ட வேண்டும்.

"ஏத்துக்கிச்சானு காலைல பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடிகாலையில் போய்ப் பார்த்தேன். கோழியின் நெஞ்சு இறகுக்குள்ளிருந்து சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. கோழி மெதுவாகக் கொக்கரித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். லாரி நகர ஆரம்பித்திருந்தது. லாரியில் கூட்டத்துக்குள் நின்ற அக்கா என்னைப் பார்த்துக் கையால் என்னவென்று கேட்டாள்.

"ஏத்துக்கிச்சுக்கா!" என்று கத்தினேன். லயமே அழுதுகொண்டிருந்தது. லாரி சத்தம் வேறு.

குஞ்சுகளில் பாதியைப் பருந்து கொண்டுபோனது. மீதி வளர்ந்தன. பசி தாங்காமல் என் வீட்டுக்காரர் ஒன்றை அறுக்கலாம் என்றபோதெல்லாம், "அக்கா வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்பேன். முட்டையை மட்டும் என் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

சண்டை முடிந்த பிறகு ஒரு நாள், காலில் கந்தல் சுற்றிய ஒருவர் வாசலில் வந்து தண்ணீர் கேட்டார். "தங்கச்சி" என்று அவர் சொன்ன பிறகுதான் அண்ணன் என்று தெரிந்தது. நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

"காலரா" என்றார். "போன கொஞ்ச நாள்லயே."

மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழியைப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். "அக்காவோடதுண்ணே."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லாரில ஏறுனதுலேருந்து இதே பேச்சுதான். தங்கச்சி என்னமோ கத்துனாளே, என்னனு காதுல விழலியே, கொத்திப் போட்டுருச்சோனு கேட்டுகிட்டே வந்தா. கடைசியில நெனவு தப்புனப்பவும் அதையே பொலம்புனா. எனக்கும் ஒண்ணும் கேக்கல தங்கச்சி."

அவர் கோழியைக் கீழே விட்டுவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கு அவருக்காகக் கோழி அறுக்கப் போனேன். வேண்டாம் என்று தடுத்து, அவித்த கிழங்கை மட்டும் சாப்பிட்டார். எங்கள் தோட்டத்திலேயே கொஞ்ச காலம் மரங்களில் பால் வெட்டினார். பிறகு கப்பல் ஏறி ஊருக்குப் போய்விட்டார். அங்கே அக்காவின் தாயார் மகள் வருவாள் என்று காத்திருப்பதாகப் போகுமுன் சொன்னார். அந்த அம்மாவிடம் அண்ணன் என்ன சொன்னாரோ, தெரியாது. அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு சேதியும் வரவில்லை.