நிலா வண்டியும் நாலு எலுமிச்சம்பழமும்

எண்பதுகளில் நான் ஜவ்வாது மலையில் தற்காலிக ஃபிட்டர். நிலாவில் ஆளில்லாமல் தானே ஓடப்போகும் வண்டிக்கு எங்கள் கொட்டகையில் மாதிரி செய்துகொண்டிருந்தோம். நிலாவைப் போலவே கரடுமுரடான பாறை இங்கேதான் இருக்கிறதென்று யாரோ டெல்லியில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பிழைப்பு வந்தது, மறுத்துப் பேசவில்லை.

விண்வெளிக்கான தேசியத் திட்டம் எழுதும் கமிட்டி வண்டியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வண்டி ஓடினால் திட்டத்தில் ஒரு வரி விழும், ஃபிட்டர்கள் ஆறு பேருக்கும் வேலை நிரந்தரமாகும். ஓடாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

வண்டிக்கு முன்னும் பின்னும் கம்பியில் மீசை வைத்திருந்தோம். அதில் எது பட்டாலும் பாறை என்று எடுத்துக்கொண்டு வண்டி நிற்கும், பிறகு எதிர்ப்பக்கம் நகரும்.

எங்கள் இன்ஜினியர் பக்திமான். கமிட்டி வந்த அன்று, பூஜை போடாமல் புது வண்டி கிளம்பக் கூடாது என்று பக்கத்து ஊர் நாட்டாமையை அழைத்துக் கற்பூரம் காட்டச் சொன்னார். முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம். ரிவர்ஸும் போகும் வண்டியாயிற்றே என்று பின்சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு.

"யாரும் தொடக்கூடாது, தானா போகும்" என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டு இன்ஜினியர் பொத்தானை அமுக்கினார்.

வண்டி முன்னே போனது. மீசையில் பழம் பட்டது. நின்றது. பின்னே வந்தது. அங்கேயும் பழம். மறுபடி முன்னே. நின்ற இடத்திலேயே ஊஞ்சல் ஆட ஆரம்பித்துவிட்டது.

"இன்னா சார், ஏறி மிதிக்கச் சொல்லுங்க" என்றார் நாட்டாமை.

"சொல்ல முடியாதுங்க. அதுவேதான் முடிவெடுக்கும்" என்றார் இன்ஜினியர்.

"ஒரு பழத்த மிதிக்கத் தெரியாததயா நிலாவுக்கு அனுப்பப் போறீங்க?"

நான் பழத்தை எடுக்கக் குனிந்தேன். நாட்டாமை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூஜை பழத்த நசுக்காம எடுத்தா வண்டிக்கு ஆகாதுப்பா." இன்ஜினியரும் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் படித்த படிப்பை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

கமிட்டித் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தூக்கி அது மேலயே வைங்கப்பா. எனக்குப் பசிக்குது."

ஆறு பேரும் சாமி தூக்குவது போலத் தூக்கினோம். முன்பழங்களின் மேல் ஒரு தடவை இறக்கினோம், பின்பழங்களின் மேல் ஒரு தடவை. நாட்டாமை திருப்தியாக நகர்ந்தார். அதற்கப்புறம் வண்டி எல்லாப் பாறைகளையும் ஒதுங்கி ஒதுங்கி, கடைசிவரை ஒழுங்காக ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திட்டத்தில் வரி விழுந்தது. வண்டி தானே இயங்கும், ஆனால் தேவைப்பட்டால் தூக்கி வைக்கப் பயிற்சி பெற்ற ஆறு பேர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். நிலாவில் அந்த ஆறு பேர் எப்படி நிற்பார்கள் என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இயந்திரம் நின்றுபோனால் திருப்புளியை எடுக்குமுன் அதன் வழியில் நீங்கள் என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள்.

நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. பதவியின் பெயர், தானியங்கி வண்டி உதவியாளர். வீட்டில் படித்துக் காட்டினேன்.

"தானா ஓடற வண்டிக்கு ஒத்தாச இன்னாத்துக்குங்க?" என்றாள் மனைவி.

"மெதுவா பேசு" என்றேன்.