ஸ்டார்ட்டில் நிற்பவரிடம் சொல்லக்கூடாத சொல்

பனியில் சறுக்கும் ஸ்கீயில் நான் முதன்முதலாக ஏறியது நாற்பத்தொரு வயதில். ட்ருகனினா என்ற புறநகரில், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு இதென்ன கூத்து என்று வீட்டில் சிரித்தார்கள். சில வருடம் ரேஸ் ஓடினேன். பெரிதாக ஒன்றும் வெல்லவில்லை. பிறகு கோச்சிங் சான்றிதழ் எடுத்து, குளிர்காலச் சனி ஞாயிறுகளில் மலைக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். புதிதாகக் கோச்சிங்குக்கு வருகிறவர்களுக்காக, நான் விட்ட ஒரு பிழையை எழுதி வைக்கிறேன்.

என்னிடம் ஸ்கீ பழகியவர்களில் வசந்தி அக்கா மட்டும்தான் தமிழ். நர்ஸ். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பயம் என்பதே இல்லாத மனுஷி. முழங்காலில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு ரேஸ் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலத்து ஜயண்ட் ஸ்லாலம், அதாவது சரிவில் நட்ட கம்பங்களான கேட்டுகளை வளைந்து வளைந்து கடக்கும் போட்டி, அதுதான் அவருடைய கடைசி ரேஸ்.

அதில் இரண்டு ரன். இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. முதல் ரன்னில் அவருடைய வயதுப் பிரிவில் அக்காதான் முதல். இரண்டாவது ரன்னுக்கு நான் பாதி வழியில் ரேடியோவோடு நின்றேன். முன்னே போகிறவர்களைப் பார்த்து, மேலே ஸ்டார்ட்டில் நிற்பவருக்கு நிலைமையைச் சொல்வது கோச்சின் வேலை. பன்னிரண்டாவது கேட்டில் பனி இறுகி வழுக்கும் ஐஸாகத் தெரிந்தது. ஆனால் வேகம் குறைக்காமல் வந்த எல்லோரும் அதைத் தாண்டிவிட்டார்கள். அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

"தம்பி, கீழ எப்பிடி?" ரேடியோவில் அக்கா கேட்டார்.

"பன்னிரண்டில ஐஸ் கிடக்கு அக்கா. கவனம், பாத்து வாங்கோ."

'கவனம்' என்பது யார் வீட்டைவிட்டு வெளிக்கிட்டாலும் நம் ஆட்கள் சொல்லும் சொல். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

பதினோராவது கேட் வரை பறந்து வந்தார். பன்னிரண்டில் நிமிர்ந்தார், ஸ்கீயைத் திருப்பி வேகத்தைக் குறைத்தார். ஐஸ் அவரை ஒன்றும் செய்யவில்லை. கீழே போர்டில் இரண்டாவதாக அவருடைய பெயர் வந்தது.

நான் இறங்கிப் போனபோது ஒரு கதிரையில் இருந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ர பிழை அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லைத் தம்பி," என்றார் நிமிராமலே. "சின்னனில இருந்து எல்லாரும் எனக்குக் கவனம் கவனம் எண்டுதான் சொன்னவை. நீங்கள் ஒராள் சொல்லமாட்டீங்கள் எண்டு நினைச்சுத்தான் உங்களிட்டப் பழக வந்தனான்."



ஸ்டார்ட்டில் நிற்பவரிடம் செய்யவேண்டியதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் பயத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். இது சான்றிதழ் வகுப்பிலேயே சொல்லித் தந்த பாடம். நான் அதை நேரத்துக்கு நினைக்கவில்லை. நான் இப்போது ஒவ்வொரு ரேஸிலும் அதைச் சரியாகச் செய்கிறேன். அக்காவுக்குத்தான் இன்னொரு ரேஸ் இல்லை.