வேதாசலம் குடித்த இரண்டு டம்ளர் தண்ணீர்

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் டீக்குக் காத்திருந்தபோது செய்தி வந்தது. கொண்டுவந்தவர், பக்கத்து ஊரின் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் முனுசாமி.

"சார், விஷயம் தெர்யுமா? நம்ம இன்ஜினீரு பூட்டாரு. குன்றத்தூர் வூட்லதான். நெஞ்சு வலியாம்."

'நம்ம இன்ஜினீரு' என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முனுசாமியின் ஊருக்குக் குழாய் வந்தது வேதாசலத்தால்தான். எங்கள் ஊருக்கு வராததும் அவரால்தான். ஆகவே அவரைச் சொந்தம் கொண்டாட இரண்டு ஊருக்கும் சம உரிமை உண்டு.

இந்த 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உலகமே வாசித்துவிட்டது. அதன்பிறகு இந்த வட்டாரத்தில் நடக்கும் எந்தச் சாவும் பத்திரிகைக்குப் போதவில்லை. எனவே அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பாலாற்று மணலில் கிணறு தோண்டி, ஒரகடம் பக்கத்து ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவர அரசு பணம் ஒதுக்கியது. கேட்ட ஊர்கள் அதிகம், பணம் குறைவு. எந்த ஊருக்கு முதலில், எந்த ஊருக்கு இல்லை என்று வரிசைப்படுத்த வந்தவர் வேதாசலம். வழிகாட்ட, உள்ளூர்ப் பள்ளியில் வரலாறு நடத்தும் என்னை அனுப்பினார்கள். "கொழாய் என்ன ரப்பரா சார், இழுத்தா நீளறதுக்கு?" என்பார், யாராவது தம் ஊரையும் சேர்க்கச் சொன்னால்.

அவர் நேர்மையானவர். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை, அதுதான் சிக்கலே. ஓர் ஊரில் தலைவர் பிரியாணி ஏற்பாடு செய்து காத்திருந்தார். வேதாசலம் ஜீப்பிலேயே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் இறங்கினார். எந்த ஊரிலும் அவர் வாங்கிக்கொண்டது ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும். "முதல்ல ஊர்த் தண்ணி பேசட்டும். அப்புறம் தலைவர் பேசலாம்" என்பார். மாலையில் என் வீட்டுக்கு வந்து புத்தகம் எடுத்துப் போவார். வாசித்துவிட்டுத் திருப்பியும் தருவார். ஒரு மனிதரை நம்ப எனக்கு இதைவிட வேறு சான்று தேவைப்பட்டதில்லை.

பிறகு எங்கள் ஊரின் முறை வந்தது. எங்கள் கிணற்று நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிப்பதற்குப் பெண்கள் பக்கத்து ஊர்க் கிணற்றுக்குப் போய், அவ்வூர்ப் பெண்கள் இறைத்து முடிக்கும்வரை நின்று, ஏச்சுப்பேச்சும் கேட்டுத்தான் ஒரு குடம் கொண்டுவர வேண்டும். அன்று என் எதிர்வீட்டு அஞ்சலையம்மாள் அந்தக் குடத்திலிருந்துதான் டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தார். வேதாசலத்தின் காதில் விழாமல் நான் தடுத்தேன்.

"நம்ம கிணத்துத் தண்ணியக் குடும்மா. அதுக்குத்தான் அவர் வந்திருக்கார்."

"நல்லாகீதே வாத்யாரே! வூட்டுக்கு வந்தவருக்கு உப்புத் தண்ணி குடுத்தா ஊர் மானம் இன்னாத்துக்காவறது?"

வேதாசலம் குடித்தார். "அருமையா இருக்கே" என்றார். ஊரே பூரித்தது. தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு இவ்வளவு மகிழ்ந்த ஊரை வரலாற்றில் நான் படித்ததில்லை.

திரும்பும் வழியில் ஜீப்பில் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதா சார்? வர்றப்பவே அந்தம்மா குடத்தோட எதிர் வரப்புல வந்ததப் பாத்தேனே. நீங்க கவலப்படாதீங்க."

நான் கவலைப்படவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரும் கிளம்பியது. "வேண்டாம், அவருக்கு எல்லாம் தெரியும்" என்றேன். நாலு எழுத்துப் படித்தவன் சொல்கிறானே என்று குடங்கள் வீட்டுக்குள் போயின.

இறுதிப் பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. காரணமும் கொடுத்திருந்தார்கள்: 'குடிநீரின் சுவை நன்று.'

அலுவலகத்துக்குப் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார்.

"உங்களுக்குத் தெரியும் சார். தெரிஞ்சே எழுதியிருக்கீங்க."

"ஒரு ஊர வெட்டியே ஆகணும் சார், பணம் அவ்வளவுதான். வேற எந்த ஊர வெட்டினாலும் ரோட்டுக்கு வந்துடுவான், மொத்த வேலையும் நின்னுடும். உங்க ஊர்ல நீங்க இருக்கீங்க. நீங்க புரிஞ்சுப்பீங்க."

திட்டமிடுதல் என்றால் இருக்கும் வளங்களைக் கணக்கிடுவது என்று அவரே எனக்கு விளக்கியிருக்கிறார். குழாய், சிமெண்ட், மின்சாரம் ஆகியவற்றோடு என் நட்பையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தார் என்பது அன்றுதான் விளங்கியது. மற்றவை எல்லாம் பற்றாக்குறையாக இருந்தபோது அது ஒன்றுதான் அவரிடம் தாராளமாக இருந்திருக்கிறது.

பக்கத்து ஊரில் குழாய் திறந்த பிறகு ஒருநாள், கடைசியாக எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார். வெயிலில் வந்தவர் தண்ணீர் கேட்டார். நான் எழுவதற்குள் எதிர்வீட்டிலிருந்து அஞ்சலையம்மாள் டம்ளரோடு வந்துவிட்டார். வேதாசலம் ஒரு வாய் குடித்து நிறுத்தினார். பிறகு முகத்தைச் சுளிக்காமல் முழுவதையும் குடித்தார். அந்த மரியாதையை நான் மறைக்கக் கூடாது.

"இந்தத் தண்ணிய அன்னிக்கே குடுத்திருக்கலாமேம்மா" என்றார்.

"அன்னிக்கு நீ விருந்தாளி சார்" என்று சொல்லி, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனார் அஞ்சலையம்மாள்.

அதன்பின் வேதாசலம் எங்கள் ஊருக்கு வரவில்லை. செய்தி கேட்ட அன்று குன்றத்தூருக்குப் போய் மாலை போட்டேன். அழுகை வந்தது, அதுவும் அவர் மேல் எனக்குக் கோபத்தையே கூட்டியது. கெட்டவர் ஒருவர் எங்களை வெட்டியிருந்தால் எவ்வளவு நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

இப்போது தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று நிலம் அளக்கிறார்கள். அவற்றோடு இன்னொரு தண்ணீர்த் திட்டமும் இன்னொரு பொறியாளரும் வருவார்களாம். "பாவம், புது ஆளு, எங்கந்து வராரோ" என்று அஞ்சலையம்மாள் இப்போதே இளகத் தொடங்கிவிட்டார்.

வேதாசலத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். யாராவது அன்பாக 'நீங்க புரிஞ்சுப்பீங்க' என்று தொடங்கினால், நான் புரிந்துகொள்ள மறுத்துவிடுகிறேன். புதியவர் வரும் நாளில் ஊர் எல்லையில் நான் முதல் ஆளாக நிற்பேன், எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு டம்ளரோடு.