மஞ்சள் போடாத பூசணிக்காய்

பூசணிக்காயை மஞ்சள் போடாமல், தேங்காய்ப்பாலில் வெள்ளையாகச் சமைத்து வைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் இறங்காது. குற்றம் பூசணிக்காயில் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். கொழும்பு ஜிந்துப்பிட்டியின் ஒற்றை அறை வீட்டிலிருந்து பஸ்ஸேறி வெள்ளவத்தைக்குப் படிக்கப் போனேன். அங்கே எனக்குப் பக்கத்தில் இருந்தவனின் அம்மா ஆஸ்பத்திரி நேர்ஸ். போரில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியதில் கொழும்பிலேயே தங்கிவிட்டவர்கள். அவன் அதைப் பெருமையாகச் சொன்ன அன்று, என் சித்தியும் சவூதியில் நேர்ஸ்தான் என்று என் வாய் சொல்லிவிட்டது. சித்தி அங்கே ஒரு வீட்டில் வேலைக்காரி.

அடுத்த வருஷம் சித்தி லீவில் வந்தாள். அதே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த நண்பன் தன் அம்மாவோடு எங்கள் பக்கத்து முருகன் கோயிலுக்கு வருவதாகவும், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருவதாகவும் சொன்னான். அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. சித்தி ஒரு புதுக் கறி வைப்பதாகச் சொன்னாள்.

"கூட வேலை செஞ்ச பிலிப்பைன் புள்ள சொல்லிக்குடுத்தது. கினத்தான்னு பேரு."

"அது எந்த அத்தான்டி, எங்களுக்குத் தெரியாம?" என்றாள் அம்மா.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அத்தானும் சைவம்தான்" என்று சித்தி அதில் போட வைத்திருந்த கூனி இறாலை எடுத்து ஒதுக்கி வைத்தாள்.

தரை கழுவும் மருந்தில் அவள் விரல் நுனிகளெல்லாம் வெடித்திருந்தன. இஞ்சி நறுக்கும்போதும் பச்சை மிளகாய் கிள்ளும்போதும் பல்லைக் கடித்தாள். தேங்காய்ப்பால் பிழியும்போதுதான் முகம் தெளிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளை நேர்ஸ் என்று சொல்லிவைத்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். எழுந்துபோய்ச் சந்து முனையில் நின்றுகொண்டு, ஆமிக்காரர்களின் சோதனைச்சாவடியில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடு என்று முருகனிடம் வேண்டினேன். அந்த நாட்களில் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வேண்டினேன்.

ஒரு மணித்தியாலம் பிந்தி, வியர்த்துப்போய் வந்து சேர்ந்தார்கள்.

பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பூசணி குழைந்து, பயற்றங்காய் பச்சை மாறாமல், பால் வெள்ளையாகவே இருந்தது.

"இதென்ன, மஞ்சள் போடாத சொதியோ?" என்றார் நண்பனின் அம்மா. சித்தி பிலிப்பைன் பெண்ணைப் பற்றிச் சொன்னாள்.

"ஓம், அங்கை பிலிப்பைன் நேர்ஸ்மார் கனபேராம். நீங்களும் நேர்ஸ் எண்டு தம்பி சொன்னவராம். எந்த வார்ட்?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பீங்கானைப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றாள் சித்தி. "வயசானவங்க வார்டுங்க."

"எத்தினை கட்டில்?"

"ஒண்ணுதாங்க."

அவர் கை சோற்றில் சற்று நின்றது. அகப்பை பிடித்திருந்த சித்தியின் வெடித்த விரல்களைப் பார்த்தார். "அப்ப வடிவாப் பாத்திருப்பியள்" என்று சொல்லிவிட்டு, பீங்கானை நீட்டி இன்னும் கொஞ்சம் கறி கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடிந்ததும் சித்தி எங்கள் பீங்கான்களை அடுக்கினாள். நண்பனின் அம்மா அவற்றைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"ஐயோ, விருந்தாளிங்க நீங்க."

"விடுங்கோ அக்கா. உந்தக் கையிலை கொஞ்ச நாளைக்குச் சவுக்காரம் படக்கூடாது."

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தில் எல்லோரும் பார்க்க, பொதுக்குழாயடியில் குந்தி அவர் எங்கள் எச்சில் பீங்கான்களைக் கழுவினார். சித்தி வெறும் கையோடு வாசலில் நின்றாள். என்னிடம் அவள் அன்றும் ஒன்றும் கேட்கவில்லை, சவூதிக்குத் திரும்பிப் போகும்வரையிலும் கேட்கவில்லை.

ஒரு நேர்ஸுக்கு இன்னொரு நேர்ஸ் காட்டும் மரியாதை அது என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன். பொய் பலித்துவிட்ட சந்தோஷத்தில், சட்டியில் சித்திக்கென்று மிஞ்சியிருந்த கறியையும் வழித்துப் போட்டுச் சாப்பிட்டேன்.