வக்கீல் மேல் விழுந்த பழி

தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. சீப்பக்கா என்றால் போதும். வீடு வீடாகப் போய் நாய் குளிப்பாட்டுவது தொழில். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேன் சீப்பு இருக்கும். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தேய்த்து, காது மடல், விரலிடுக்கு, வாலடி என்று ஒரு இடம் விடாமல் துழாவுவாள். அவள் கையில் சிக்கிய உண்ணி தப்பியதாகச் சரித்திரம் இல்லை. பூனை வீடுகளில் மட்டும் எண்ணெய்க் குப்பியைத் திறக்கவே மாட்டாள். "அது உடம்பை நக்கிக்கிட்டே இருக்கும், எண்ணெய் வயித்துக்குள்ள போயிடும். சீப்பு போதும்" என்பாள் கறாராக.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே, மகளின் குழந்தைக்குக் கழுத்தில் உண்ணி ஒட்டியிருந்தது.

மகள் கத்தித் தீர்த்துவிட்டாள். "ஊர் நாயெல்லாம் சுத்தம், நம்ம வீட்டு நாய் மட்டும் இப்படியா? ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்புறேன், வக்கீலை யாருக்காவது கொடுத்துடலாம். இல்லன்னா குழந்தையைக் கூட்டிட்டு வரவே மாட்டேம்மா."

வக்கீல் என்பது நாய். எதைச் சொன்னாலும் பதிலுக்குக் குரைப்பதால் வந்த பெயர். அன்றைக்கு அது வாதாடாமல் தன் சாக்கில் போய்ப் படுத்துக்கொண்டது.

சீப்பக்கா உடனே வேலையில் இறங்கினாள். வக்கீலை வாரினாள், ஒன்றும் இல்லை. அது படுக்கும் சாக்கை வெந்நீரில் முக்கினாள். சுவர் விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்தாள், பின்பக்கத்துப் புல்லை ஒட்ட அறுத்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து எழுந்தால், வெள்ளை விரிப்பில் ஒரு உண்ணி ஊர்ந்துகொண்டிருந்தது. வக்கீல் கட்டிலில் ஏறுவதே கிடையாது. அவள் தன் பேன்ட்டைப் பார்த்தாள். குளிப்பாட்டும்போது முழங்கால்வரை சுருட்டிவிடுவது வழக்கம். அந்த மடிப்பை உதறினாள். இன்னொன்று விழுந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உடனே போனை எடுத்தாள்.

"வண்டி வேணாம்டி. உண்ணியைக் கொண்டுவந்தது நான்தான், என் துணியில. அனுப்பணும்னா என்னைத்தான் அனுப்பணும்."

மகள் பேச வாயெடுக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"இனிமே பின்பக்கமே துணி மாத்தி, கொதிக்கிற தண்ணியில போட்டுட்டுதான் உள்ள காலை வைப்பேன். வந்து தேடிப் பாரு. ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் நானே வக்கீலைக் கொடுத்துடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நாயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, காலர், கைமடிப்பு, தலைமுடி என்று துழாவினாள். வாரக் காட்டி நிற்கும் நாய்போல சீப்பக்காவும் அசையாமல் நின்றாள்.

"சரி, இந்தா" என்று மகள் குழந்தையை அவள் கையில் கொடுத்தாள்.