பார்த்து எழுதிய மன்னிப்புக் கடிதம்

வியாழக்கிழமை அசெம்பிளியில் நான் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். படம், புத்தகம், சாஃப்ட்வேர் எதையும் திருட்டுத்தனமாகப் பகிரக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம். "நீங்கதான் மிஸ் இதுக்குச் சரியான ஆளு" என்று காலையில் சர்க்குலரை நீட்டினார்கள். ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வந்த தாள், தொட்டால் சூடு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியான ஆளாம்! உங்களிடம்தான் சொல்லித் தொலைக்க வேண்டும்.

ஷார்ஜாவில் வேறொரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்த புதிது. அந்தப் பள்ளி முழுக்க இந்த வாசனைதான். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரிஜினல் பாடப்புத்தகம் ஒன்றே ஒன்று வாங்குவார்கள். அது பின்தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஸ்பைரல் போட்டு, நாற்பது புத்தகமாகத் திரும்பி வரும். அட்டையில் பள்ளியின் முத்திரை வேறு!

நானும் ஒன்றும் யோக்கியமில்லை. அஜ்மானில் எங்கள் பில்டிங்கில் லீவுக்கு ஊர் போகிறவர்கள், முறுக்கு, அதிரசத்தோடு ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் புதுப்படங்களும் கொண்டு வருவார்கள். அது ஃபிளாட் ஃபிளாட்டாகச் சுற்றும். எங்கள் முறை தாமதமானால் நான் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, காப்பி பண்ணி முடிச்சிட்டீங்களா?" என்று வெட்கமில்லாமல் நிற்பேன். விடிந்தால் அதே வாயால் வகுப்பில் காப்புரிமைப் பாடம்.

அந்தப் பாடத்தை வாசிக்க எழுந்தவள் நஸ்ரின். காயல்பட்டினத்துப் பெண். அப்பாவுக்குத் துபாய் தேராவில் மசாலாக் கடை. பாடத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டி, அனுமதியில்லாமல் இதைப் பிரதி எடுக்கக் கூடாது என்ற வரியை உரக்க வாசித்தாள். பிறகு தமிழிலேயே கேட்டாள்: "அப்போ இந்த புக்கே பைரசிதானே மிஸ்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும்தான். "பாயிண்ட்டைப் பிடிச்சிட்டியே! எழுதிக் கொண்டா, போர்டுல போடுறேன்" என்றேன். ஒரு பக்கம் எழுதி வந்தாள். நானே ஊசி குத்தி நோட்டீஸ் போர்டில் மாட்டினேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான். அன்று மதியமே மேனேஜ்மென்ட் ஆள் ஒருவர் கண்ணில் அது பட்டுவிட்டது.

என்னைக் கூப்பிட்டபோது பள்ளி சூப்பர்வைசர் மேசைக்கு முன்னால் நஸ்ரினும் அவள் அப்பாவும் நின்றார்கள். அவர் கடையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருந்தார், சட்டையெல்லாம் ஏலக்காய் வாசனை.

"சார், டீசி மட்டும் குடுத்துராதீங்க. நடுவருசத்துல புள்ளைய நான் எங்க கொண்டு சேர்ப்பேன்?"

சூப்பர்வைசர் திருச்சிக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். என் பக்கம் திரும்பி, "மேடம், இத நீங்க எழுதச் சொன்னீங்களா?" என்றார்.

என் கணவருக்குப் புஜைராவில் பார்த்த துறைமுக வேலை போயிருந்த நேரம் அது. என் வேலையும் போனால் கலாஸ், குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். இதைக் காரணம் என்று நான் சொல்லிக்கொள்வேன். நீங்கள் சாக்கு என்று சொன்னாலும் சரி.

"இல்ல சார். அவளா எழுதி மாட்டிட்டா போல."

நஸ்ரின் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. மிஸ் பொய் சொல்றாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் நான் மறுத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சூப்பர்வைசர் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ரெடிமேட் மன்னிப்புக் கடிதம், பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அதுவும் ஜெராக்ஸ்தான். "இதப் பாத்து அப்படியே எழுதும்மா. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

எழுதினாள். அடியில் சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். சே! என்ன பிறவி நான்! அந்த மனுஷன்மேலும் கோபம்தான், ஆனால் அவர் என்னைப் போலப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்து எழுத வைத்துவிட்டு அப்புறம் கைவிடவில்லையே.

டீசி கொடுக்கவில்லை. வருஷக் கடைசிவரை நஸ்ரின் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். சந்தேகம் இருக்கா என்று அவளைப் பார்த்துத்தான் கேட்பேன். தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருப்பாள். ஒரு தரம்கூடக் கை தூக்கவில்லை.

அந்தப் பின்தெருக் கடையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் சுற்றுவதும் நின்றுவிட்டது, மாசச் சந்தா கட்டி வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கிறோம். பாடமெல்லாம் டேப்லெட்டில், முறையாக உரிமம் வாங்கியது. திருட்டு ஒழிந்தது, ரொம்பச் சந்தோஷம்.

நேற்று அதே பாடம். புத்தகம் திறக்கும் முன்னால் விதிமுறைகள் என்று நீளமாக ஒரு பக்கம் வந்தது. முப்பது பிள்ளைகளும் டக்கென்று 'சம்மதம்' என்பதைத் தட்டினார்கள். ஒருவரும் ஒரு வரி வாசிக்கவில்லை.

"எனி டவுட்ஸ்?"

"நோ மிஸ்."

"படிச்சுப் பாருங்களேன்! படிச்சுட்டு என்னை ஏதாவது கேளுங்களேன்!" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் மிரண்டு போனார்கள். நான் தமிழில் கத்தியது மலையாளமும் இந்தியும் பேசுகிற பாதிப் பேருக்குப் புரியவும் இல்லை.