பேணிகள் சத்தம் போடாத இரவு

கோடையில் வீசும் கச்சான் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மூலையில் கிடந்த வெறும் பால்மாத் தகரப் பேணியை மேசைக்கடியில் உருட்டியபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. நற்பிட்டிமுனையில் எங்கள் வயலைச் சுற்றி வாப்பா கயிறு கட்டி, அதில் இப்படியான பேணிகளைத் தொங்கவிட்டிருப்பார். பன்றி கயிற்றில் முட்டினால் பேணிகள் கலகலக்கும், பரணில் கிடப்பவன் எழும்பிவிடுவான். பன்றிக்குச் சரிவருவது யானைக்கு ஏன் சரிவராது? இப்படி யோசித்தபோது நான் இருந்தது வயலில் அல்ல. மட்டக்களப்புக்குப் போகும் பாதையில், காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய ரயில் நிலையத்தில் இராக் கடமையில் இருந்தேன்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் தண்டவாளமே இல்லை. கோச்சியைப் புத்தகப் படத்தில் பார்த்து வளர்ந்த நான் போர்ட்டர் வேலை கிடைத்ததும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு வருடம் ஒழுங்காக முடித்தால்தான் நிரந்தர நியமனம். டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டாலும் எங்கள் வழியில் இரவுச் சாமான் வண்டியை இழுத்தது கரிக்கோச்சிதான். அது வருமுன் நான் அரை மைல் நடந்து, வெளிச் சிக்னலின் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு அணைந்திருந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நடக்கும் வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுக்கும் இரும்புத் தாங்கி நின்றது. அது ஒழுகும். கோடையில் அந்த ஒழுக்கைத் தேடி யானை வரும்.

ஸ்டேசன் மாஸ்டர் ஒலுவில்காரர். ஒரே கரையோரத்து மனிதர் என்று நான் நெருங்கிப் போன முதல் நாளே என் பேச்சை வெட்டிவிட்டார். தாங்கியின் ஒழுக்கை ஏன் அடைக்கவில்லை என்று கேட்டேன். "படிச்சவனுக்குக் கேள்வி கூட. போய் விளக்குச் சிமினியைத் துடை" என்றார். அன்றிலிருந்து நான் அவரை வெறுத்தேன். அவரும் குறை வைக்கவில்லை.

தாங்கியின் காலிலிருந்து மரத்துக்கு மரம் இழுத்து, யானையின் நெஞ்சு உயரத்தில் கயிற்றைக் கட்டிப் பதினான்கு பேணிகளைத் தொங்கவிட்டேன். விடிந்ததும் மாஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதென்ன, கிளி விரட்டவா?"

"யானைக்கு, மாஸ்டர்."

"இது ரயில்வே, உன்ட வாப்பாட வயலில்ல. ஆரைக் கேட்டுக் கட்டின நீ?"

நான் அவிழ்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் கதைபேச்சு நின்றது. வேலைகளைக் கரும்பலகையில் எழுதிவைப்பார், நான் செய்துவிட்டு அழிப்பேன். கயிறு இரண்டு தடவை என்னைக் காப்பாற்றியது. சத்தம் கேட்டதும் உள்ளேயே நின்று, யானை போனபின் நடந்தேன். ஆனால் காற்றுக்கும் பேணிகள் ஆடின. ஒவ்வொரு தடவையும் மேசைமேல் படுத்திருக்கும் மாஸ்டர் விழித்துக்கொண்டு இருமுவார். அந்த இருமலைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒளிக்கத் தேவையில்லை.

கயிறு கட்டிய ஒன்பதாம் இரவு பேணிகள் பேசவில்லை. யானை இல்லை என்று நம்பி லாந்தரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். காற்று என் இடுப்புச் சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு காற்றில் பேணி ஆடவில்லை என்றால் கயிறே இல்லை என்று, வயற்காவலில் வளர்ந்த எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. தாங்கியடியில் இருட்டு அசைந்தபோதுதான் விளங்கியது. லாந்தரைப் போட்டுவிட்டு இரும்பு ஏணியில் தாவி ஏறினேன். கீழே மூச்சு விடும் சத்தம் கேட்டது. தூரத்தில் சிக்னல் விளக்கு அணைந்திருந்தது. சாமான் வண்டி அங்கே நின்று கூவத் தொடங்கியது. மாஸ்டர் டோர்ச்சோடு வெளியே வந்தார்.

"எங்கடா போய்த் துலைஞ்சாய்?"

"தாங்கியில, மாஸ்டர். கீழ யானை."

டோர்ச் அணைந்தது. கதவு சாத்தப்பட்டது. கோச்சியின் நீண்ட கூவலுக்கு யானைதான் கடைசியில் இரங்கியது. அது போனபின் இறங்கி ஓடி விளக்கை ஏற்றினேன். காலையில் பார்த்தால் கயிறு கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. பதினான்கு பேணிகளும் நிலையக் கந்தோருக்குப் பின்னால் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

வண்டி தாமதித்ததற்குக் காரணம் நான் நித்திரை கொண்டது என்று மாஸ்டர் அறிக்கை எழுதினார். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கயிற்றைக் காட்டாமல் என்னால் தப்ப முடியாது. காட்டினால், அனுமதியில்லாமல் ரயில்வே இடத்தில் கட்டிய குற்றம் என்மேல் வரும். வெட்டிய துண்டை மேசையில் வைத்தேன்.

"கட்டினது நான், சேர். வெட்டினது நானில்ல."

அதிகாரி மாஸ்டரைப் பார்த்தார். "நீங்களா வெட்டினது?"

"ஓம் சேர். விடிய விடியச் சத்தம். மனிசன் இரிக்கேலாது."

"வெட்டினதை இவருக்குச் சொன்னீங்களா?"

"கயிறு கட்டக்குள்ள இவன் எனக்குச் சொன்னானா?"

அதிகாரி அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார். மாஸ்டருக்கு எச்சரிக்கை கிடைத்தது. எனக்குத் தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீண்டது, அதே நிலையத்தில், அவருக்குக் கீழேயே. இன்னொரு முறைப்பாடு போனால் வேலை போய்விடும்.

உயிர் போகும் என்று தெரிந்தும் கதவைச் சாத்திய மனிதரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் 'எனக்குச் சொன்னானா' என்ற அந்த ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. காற்றுக்கு ஆடும் பேணி எனக்கே பாதி நம்பிக்கையைத்தான் தந்தது என்பதும் உண்மை. லீவில் வந்து வீட்டில் இருக்கும் இந்த மூன்று நாட்களில் வேறொன்று வரைந்திருக்கிறேன். கயிற்றுக்குப் பதில் இறுக்கிய கம்பி. காற்று அதை அசைக்காது, யானையின் பாரம்தான் இழுக்கும். வெளியில் பேணி இல்லை, கந்தோருக்குள் கம்பியின் முனையில் ஒரே ஒரு மணி. அதைத் தொங்கவிடக்கூடிய சுவர் மாஸ்டரின் தலைமாட்டில் இருக்கிறது. அதற்கு அவருடைய அனுமதி வேண்டும், கையெழுத்தோடு.

நாளைக்குக் கடமைக்குத் திரும்புகிறேன். கரும்பலகையில் எழுதப்போவதில்லை, வாயைத் திறந்து கேட்கப்போகிறேன். மாட்டேன் என்றால், மாட்டேன் என்பதை எழுதித் தரச்சொல்லுவேன்.